பூச்சியமும் பாழும்

ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாக வகுப்பர். காப்பிலே தொடங்குவது சிறுதேரிலே முடியும். காலில் வலுவேறிய பிள்ளை கயிற்றைப் பற்றி மரத்தேரை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வருகிறது. தாய் பார்த்து மகிழ்கிறாள், ஊர் பார்த்து மகிழ்கிறது, புலவர் பாடுகிறார். காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் மூன்று சக்கரமுடைய, குதிரை பூட்டாத சிறிய தேரை உருட்டி விளையாடிய செய்தியைப் பட்டினப்பாலையிற் காண்கிறோம். ஆகவே இவ்விளையாட்டு நம்மிடையே மிகப் பழையது.

இங்கே சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. தேர் என்றதும் நமக்கு இன்று நினைவுக்கு வருவது கோயில் தேர். தீவகத்தார்க்கு நயினை நாகபூஷணி அம்மனின் தேர் கண்முன் நிற்கும். பண்டைத் தமிழர்க்கோ தேர் ஒரு படை. தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நாற்படையுள் முதலில் வைத்து எண்ணப்பட்டது அது. பிள்ளையின் கையிலிருந்த சிறுதேர், அக்காலப் போர்க்கருவியின் குறுகிய வடிவமேயாம். அதனை ஏன் பிள்ளையின் கையிற் கொடுத்தாய் என்று அத்தாயை ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இக்காலத்துச் சிறுதேர் விமானம். அக்கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. நம் தீவகத்திலேயே எழுந்திருக்கிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெட்டியில் வந்த விமானம்

உருச் செய்து விளையாடுதல் நம் பிள்ளைகளுக்குப் புதியதன்று. குரும்பட்டியும் ஈர்க்கும் கொண்டு தேர் செய்வார்கள். பனங்காய் இரண்டைத் தடியிற் பூட்டி வண்டில் செய்வார்கள். மரக்கட்டையைச் செதுக்கி வள்ளம் ஆக்கிக் கடலில் மிதக்கவிடுவார்கள். தைப்பொங்கலை ஒட்டி வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்கள், மூங்கிலும் தாளும் நூலும் கொண்டு எவ்வெவ்வுருவங்களை வானிலேற்றலாம் என்பதை அறிவார்கள்.

ஆனால் இவையெல்லாம் சாயல் காட்டும் உருவங்கள். அளவு காட்டுவன அல்ல. குரும்பட்டித் தேரின் சக்கரம் பெரிதாயிருந்தாலும் அது தேர்தான், சிறிதாயிருந்தாலும் தேர்தான். அளவுமாதிரி என்பது வேறு. அதில் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்திற் குறுகவேண்டும். நம் சிற்பிகள் தாலம் என்னும் அளவு கொண்டு முகத்துக்கு உடல் இத்தனை மடங்கு என்று வகுப்பார்களே, அத்தகைய கட்டுப்பாடு இதற்கும் உண்டு.

ஊர்காவற்றுறைப் பக்கத்து மாணவன் ஒருவனுக்குக் கனடாவிலிருக்கும் மாமனார் ஒரு பெட்டி அனுப்பினார். இரண்டாம் உலகப் போரில் யப்பானியக் கடற்படை பறக்கவிட்ட பூச்சிய விமானத்தின் உறுப்புகள் அதிலிருந்தன. அளவு 72இல் 1 பங்கு. ஓர் அங்குலம் ஆறு அடிக்குச் சமன் என்க. உண்மை விமானத்தின் இறக்கை அகலம் 12 மீற்றர். மாதிரியில் அது 16.7 சென்ரிமீற்றர். நீளம் 9 மீற்றருக்குச் சற்று மேல், மாதிரியில் 12.6 சென்ரிமீற்றர். விரித்த கையொன்றில் அடங்கிவிடும்.

அவன் அதனைக் கட்டிய முறையை அருகிருந்து பார்த்தோம். பிளாஸ்ரிக் உறுப்புகள் ஒரு சட்டத்தில், கொடியிற் காய்போலத் தொங்குகின்றன. ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கவேண்டும். அதற்கென விற்கும் குறடு தீவில் ஏது? நகவெட்டியே குறடாயிற்று. வெட்டிய இடத்தில் எஞ்சும் முளையை அரத்தாளினாற் தேய்த்து மழுக்கவேண்டும். முதலிற் செய்வது விமானியின் இருப்பிடம். இருக்கை, கைபிடி, அளவிகள் நிறைந்த பலகை ஆகியவற்றுக்கு நிறந்தீட்டி உள்ளே பொருத்திய பின்பே உடலின் இரு பாதிகளையும் ஒன்றாகச் சேர்ப்பது. சேர்த்துவிட்டால் உள்ளிருப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டோம். "அங்கே இருக்குதெண்டு எனக்குத் தெரியுந்தானே, ஐயா" என்றான். கருவறைக் கோபுரத்தின் பின்புறத்தைச் செதுக்கிய சிற்பியும் இவ்வாறே விடை சொல்லியிருப்பான்.

இங்குப் பயன்படும் பசை நாம் அறிந்த பசையன்று. பிளாஸ்ரிக்கின் விளிம்பைச் சிறிது இளகச் செய்து இரண்டையும் ஒன்றாக்கும் ஒரு திரவம். அளவு மிகுந்தால் உறுப்பே குழைந்துவிடும். ஆகவே தூரிகை நுனியால் தொட்டுவைத்து, பிடித்துக்கொண்டு காத்திருக்கவேண்டும். நிறமும் அப்படியே: மெல்லிய பூச்சு, உலர்தல், மறுபடி மெல்லிய பூச்சு. கடற்காற்றின் ஈரத்தில் உலர்தல் தாமதமாகும். மாரிக்காலத்தில் சொல்லவேண்டியதில்லை. விமானியின் தலைக்குமேலுள்ள கண்ணாடிக் கூடு பல சிறு சட்டங்களாற் பிரிக்கப்பட்டது. அச்சட்டங்களுக்குமட்டும் நிறந்தீட்டுதல் யாவற்றிலும் கடினமானது. இறுதியாக, நீரில் ஊறவைத்து நழுவவிடும் ஒட்டுப்படங்கள். இறக்கையிலும் உடலிலும் செஞ்ஞாயிற்றின் வட்டம் அமர்கிறது. எந்தக் கப்பலைச் சேர்ந்தது என்பதை உடலைச் சுற்றிய பட்டி சொல்லும். அக்காகி என்னும் தாங்கிக் கப்பலுக்குச் சிவப்புப் பட்டி ஒன்று. சொரியுவுக்கு நீலம் ஒன்று. ஹிரியுவுக்கு நீலம் இரண்டு. மாணவன் சிவப்பைத் தேர்ந்தான்.

மூன்று கிழமை சென்றன. பரீட்சைக்கு ஒரு மணிநேரம் அமர்ந்திருக்க இயலாதவன் ஓர் அங்குல உறுப்புக்காக ஒரு மாலைப்பொழுது அசையாதிருந்தான். அளவுமாதிரியின் கல்விப்பயன் இதுவென்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் முடிக்க இயலாதவாறு விமானத்தின் பெயரே நம்மைத் தடுக்கிறது.

பெயரின் வரலாறு

யப்பானியர் தம் அரசமரபின் தொடக்கத்திலிருந்து ஆண்டு எண்ணும் முறையொன்றை வைத்திருந்தனர். அதன்படி 1940ஆம் ஆண்டு 2600ஆவது ஆண்டு. கடைசி இலக்கம் பூச்சியம். அவ்வாண்டிற் கடற்படை ஏற்ற போர்விமானம் ஆதலின் பூச்சிய வகை என்று பெயர்பெற்றது. உலகம் அதனை 'சீரோ' என்றது.

நம் பாட்டன்மார் கணக்கில் இதனைச் 'சைபர்' என்பார்கள்; அது அராபியர் வழி வந்த சொல். பூச்சியம் என்பது வடசொல் வழி வந்தது. பூசிக்கத்தக்கது என்பது அதன் பொருள். இவ்விரண்டுக்கும் முந்திய தமிழ்ச்சொல் ஒன்றுண்டு. அது பாழ். பரிபாடலில் எண்களை அடுக்குமிடத்தில் பாழே முதலில் நிற்கிறது. பாழ் என்பதற்கு வெறுமை என்றும் பொருள், அழிவு என்றும் பொருள். ஆகவே ஒரே எண்ணை ஒரு சொல் பூசனைக்கு உரியதாக்குகிறது. இன்னொரு சொல் அழிவாக்குகிறது. இவ்விமானத்தின் வரலாற்றைப் படிப்போர்க்கு இவ்விரு சொற்களும் வேண்டும்.

அதனை வரைந்தவர் ஜிரோ ஹொரிகோசி என்னும் பொறியியலாளர். மிற்சுபிசி நிறுவனத்தைச் சேர்ந்தவர். 1937இற் கடற்படை அவரிடம் கேட்டது ஒன்றோடொன்று மாறுபட்ட பல வரங்கள்: விமானம் விரைந்து பறக்கவேண்டும்; நெடுந்தூரம் செல்லவேண்டும்; சண்டையில் நொடியிற் திரும்பவேண்டும்; வலிய பீரங்கியும் தாங்கவேண்டும். ஆனால் கிடைத்த இயந்திரத்தின் வலிமையோ ஆயிரம் குதிரைவலுவுக்கும் குறைவு. வலிமையைக் கூட்ட வழியில்லாதபோது எடையைக் குறைப்பதே வழி. புதிதாக ஆக்கப்பட்ட ஒருவகை அலுமினியக் கலவையை அவர் பயன்படுத்தினார். உள்ளுறுப்புகளில் வலுவுக்கு வேண்டாத இடமெல்லாம் துளையிட்டார். விமானியின் இருக்கையிலும் துளை. ஆணித்தலைகள் காற்றைத் தடுக்காதபடி தகட்டோடு மட்டமாக அமைந்தன. அப்படிப் பிறந்த விமானத்தின் வெற்றெடை ஏறக்குறைய 1,680 கிலோகிராம். மேலதிக எண்ணெய்த் தொட்டியுடன் அது ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர் பறக்கவல்லது. அக்காலத்தில் இது பிறநாட்டார் நம்பாத செய்தி.

1939ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆம் நாள் அது முதன்முறை பறந்தது. பறப்பதற்கு முன் அது சென்ற வழி நம்மவர் கேட்டு வியக்கத்தக்கது. நகோயாவிலிருந்த தொழிற்சாலைக்கு அருகே விமானத் தளம் இல்லை. தளமோ ஏறத்தாழ 48 கிலோமீற்றர் தொலைவில். வழி கரடுமுரடு, பார ஊர்தியில் ஏற்றினால் குலுங்கி மெல்லிய உடல் பழுதாகும். ஆகவே உடலையும் இறக்கையையும் பிரித்து மாட்டுவண்டியில் ஏற்றினார்கள். உலகின் மிக விரைந்த போர்விமானங்களுள் ஒன்று மாடு நடக்கும் வேகத்தில் ஒரு நாட்பொழுது நடந்து போயிற்று. நவீனம் என்பது பழைமையின் முதுகில் ஏறியே எங்கும் வருகிறது போலும்.

மாதிரி சொல்லாத உண்மை

இனி மாணவனின் மேசைக்குத் திரும்புவோம். கணக்கு ஆசிரியர்களுக்கு இங்கே நல்ல பாடம் ஒன்றுண்டு.

நீளம் 72இல் ஒரு பங்கானால் பரப்பு அதன் இருமடியிற் குறையும். எடை மும்மடியிற் குறையும். 72ஐ மூன்றுமுறை பெருக்கினால் 3,73,248. உண்மை விமானத்தின் 1,680 கிலோகிராமை இதனால் வகுத்தால் வருவது நாலரைக் கிராம். ஒரு தேக்கரண்டிச் சீனி அவ்வளவுதான். மாணவன் கட்டிய பிளாஸ்ரிக் விமானமோ அதனைவிடப் பலமடங்கு பாரமானது.

தடிப்பையும் பாருங்கள். மாதிரியின் உடற்சுவர் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். இதனை 72ஆற் பெருக்கினால் ஏழு சென்ரிமீற்றருக்கு மேல் வருகிறது. ஏறத்தாழ மூன்று அங்குலத் தடிப்புள்ள சுவர்! உண்மை விமானத்தின் தகடோ பல இடங்களில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. விளையாட்டுப் பொருளின் சுவரைவிட, மனிதனைச் சுமந்து சென்ற விமானத்தின் சுவர் மெல்லியது. எடையைக் குறைக்கும் ஆவலில், விமானியின் முதுகைக் காக்கும் கவசத் தகட்டைத் தொடக்கத்தில் வைக்கவேயில்லை. சன்னம் துளைத்தால் தானே மூடிக்கொள்ளும் எண்ணெய்த் தொட்டியும் இல்லை. இத்தகைய காப்புகள் எதிரிகளின் விமானங்களில் இருந்தன. ஆகவே பூச்சிய விமானம் அடிபடாதவரை வெல்ல அரியது, அடிபட்டால் தீப்பற்றுவது.

நீளத்தில் மெய் சொல்லும் மாதிரி தடிப்பிற் பொய் சொல்கிறது. அதனைக் குற்றமென்று கூறோம். உள்ளபடி மெல்லியதாகச் செய்தால் விரல் பட்டதும் நொறுங்கும். ஆனால் மாதிரியைக் கட்டுவோன் இதனை அறிந்திருக்கவேண்டும். வடிவத்தின் அழகு கைக்கு வருகிறது. அவ்வழகுக்காக விமானி இழந்த காப்பு கைக்கு வருவதில்லை. அதனை நூலறிவினால் நாமே நிரப்பவேண்டும்.

1942ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், அலாஸ்காவுக்கு மேற்கேயுள்ள அக்குத்தான் தீவிற் பூச்சிய விமானம் ஒன்று எண்ணெய்க்குழாய் அறுந்து இறங்கியது. பசும்புல் என்று நம்பி இறங்கிய இடம் சதுப்பு. சக்கரம் புதைந்து விமானம் தலைகீழாயிற்று. உள்ளிருந்த ததயோசி கொகா கழுத்து முறிந்து இறந்தார். அவருக்கு வயது 19. சிதையாத அவ்விமானத்தை அமெரிக்கர் எடுத்துச் செப்பனிட்டு, அவ்வாண்டு செப்ரெம்பரிற் பறக்கவிட்டு அதன் வலியையும் மெலிவையும் அறிந்தனர். 1944 ஒக்ரோபர் தொடக்கம் இதே வகை விமானங்களிற் குண்டைக் கட்டி, விமானியோடு கப்பல்மீது மோதவிட்டனர். கவசத்தை நீக்கிய சிந்தனை, இறுதியில் மீள்வழியையும் நீக்கியது.

நம் வானில் வந்த நாள்

இவ்விமானம் நமக்கு அயலானதன்று. இலங்கையின் வானுக்கு வந்ததாகும்.

1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரல் 4ஆம் நாள், கொக்கலைக் கடலேரியிலிருந்து எழுந்த கற்றலீனா விமானம் ஒன்று தெற்கே நடுக்கடலில் யப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதன் தலைவர் கனடாவைச் சேர்ந்த லெனாட் பேர்ச்சல். அவர் செய்தியைக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிக்கொண்டிருக்கும்போதே பூச்சிய விமானங்கள் சூழ்ந்து சுட்டு வீழ்த்தின. ஒன்பதுபேரில் மூவர் இறந்தனர், அறுவர் சிறைப்பட்டனர். ஆயினும் செய்தி கொழும்பை அடைந்துவிட்டது.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் 36 பூச்சிய விமானங்கள் காவலாக, 91 குண்டுவீச்சு விமானங்கள் கொழும்புக்கு மேல் தோன்றின. துறைமுகமும் இரத்மலானையும் தாக்கப்பட்டன. அங்கொடையிலுள்ள மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. கடலிற் சென்ற டோசெற்சயர், கோண்வோல் என்னும் இரு பிரித்தானியக் கப்பல்கள் அன்றே மூழ்கி 424பேர் மாண்டனர். ஏப்பிரல் 9ஆம் நாள் திருகோணமலையும் சீனன்குடாவும் தாக்கப்பட்டன. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 307பேருடன் கடலடியிற் சென்றது. கொழும்பு மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். புங்குடுதீவாரும் காரைநகராரும் கொழும்பிற் கடை நடத்திய காலம் அது. கொழும்பிற் குண்டு விழுந்தால் தீவகத்தில் அடுப்பு எரியாத வீடுகள் இருந்தன என்பதை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

மாணவன் தீட்டிய சிவப்புப் பட்டி அக்காகிக்கு உரியது என்றோம். கொழும்பைத் தாக்கிய ஐந்து தாங்கிக் கப்பல்களுள் அதுவும் ஒன்று. இரண்டே திங்களில், மிட்வேக் கடற்சமரில், அக்காகியும் சொரியுவும் ஹிரியுவும் அழிந்தன. எஞ்சிய சொக்காக்கு, சுயிக்காக்கு இரண்டும் 1944இல் மூழ்கின. வந்தவை ஒன்றும் எஞ்சவில்லை.

யப்பானைப்பற்றி நம்மவர் நினைவும் ஒருமுகமானதன்று. மலாயாவில் இந்தியத் தேசிய இராணுவத்திற் சேர்ந்த தமிழர், ஆசியன் ஒருவன் ஐரோப்பியனை வென்றதில் ஒரு விடியலைக் கண்டார்கள். அதே மலாயாவின் தோட்டங்களிலிருந்து 1942, 1943ஆம் ஆண்டுகளிற் சயாம் பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் காட்டிலே மடிந்தார்கள். செஞ்ஞாயிற்றின் வட்டத்தை ஒட்டும்போது இவ்விரண்டையும் நினைக்கவேண்டும். ஒன்றைமட்டும் நினைத்தால் வரலாறு பாதியாகும்.

அப்பாச்சியின் கேள்வி

நூல்களிலிருந்து நாம் எடுத்துச்சொன்னவை இவை. நூல் படியாத ஒருவர் கேட்ட கேள்வி இவற்றைவிடக் கூரியது.

மாதிரி முடிந்ததும் மாணவன் அதனை வீட்டு மண்டபத்தில், சாமிப்படங்களுக்குக் கீழேயிருந்த தட்டில் வைத்தான். அவனுடைய அப்பாச்சி பார்த்தார்.

"உது என்ன ராசா, பொம்பரோ?"

"இல்லை அப்பாச்சி. விளையாட்டுச் சாமான். பிளாஸ்ரிக்."

"பிளாஸ்ரிக்கெண்டாலும் பொம்பர் பொம்பர்தானே, மோனை. உதைச் சாமிப்படத்துக்குக் கிட்ட வைக்காதை."

இதற்கு உரை வேண்டியதில்லை. நம் நாட்டுப் போர் 1983 தொடக்கம் 2009வரை நிகழ்ந்தது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தோர் விமானத்தை முதலிற் கண்ணால் அறிந்ததில்லை, செவியால் அறிந்தனர். ஒலியைக் கேட்டே இன்னது என்று பிரித்தனர், பதுங்குகுழிக்கு ஓடினர். ஒருவகை விமானத்துக்குச் 'சகடை' என்று பெயரும் இட்டனர். வண்டியைக் குறிக்கும் பழஞ்சொல்லின் சாயல் அது. சிறுதேர் உருட்டிய மரபில் வந்தவர்கள் அச்சத்துக்கும் ஒரு வண்டியின் பெயரையே வைத்தார்கள். அப்பாச்சிக்கு அந்தப் பதினாறு சென்ரிமீற்றர்ப் பொருள் உண்மை அளவிலேயே தெரிகிறது. பேரனுக்கு 72இல் ஒரு பங்கு. பாட்டிக்கு முழுப் பங்கு.

மாணவன் நம்மிடம் வந்தான். "ஐயா, இதைக் கட்டினது பிழையோ?" என்றான். அவன் கண்ணிற் கலக்கம் இருந்தது.

இக்கேள்விக்குப் பிழையென்று ஒரு சொல்லில் விடை சொல்லுதல் எளிது. இல்லையென்று சொல்லுதலும் எளிது. பிழையென்றால், மூன்று கிழமை அவன் கற்ற பொறுமையையும் நுணுக்கத்தையும் பிழையென்கிறோம். இல்லையென்றால், அப்பாச்சியின் நாற்பதாண்டு நினைவை இல்லையென்கிறோம். இரண்டும் ஆசிரியன் செய்யத்தக்கன அல்ல.

விமான மாதிரிகள் பள்ளிக்கூடத்துள் நுழைந்த வரலாற்றை அவனுக்குச் சொன்னோம். 1942இல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவரிடம் ஐந்து லட்சம் மர மாதிரிகளைச் செய்துதரக் கேட்டது. அளவு இதே 72இல் 1 பங்கு. பகைவிமானம் எது, நட்புவிமானம் எது என்று வீரர் பார்த்தறியப் பழகுவதற்காக அவை வேண்டப்பட்டன. பத்து மீற்றர் தொலைவில் தூக்கிய மாதிரி, 720 மீற்றர் தொலைவிற் பறக்கும் விமானம்போலத் தோன்றும் அன்றோ? நிறம் முழுவதும் கறுப்பு. விமானியும் இல்லை, இருக்கையும் இல்லை. புறவடிவம்மட்டும் போதும், சுடுவதற்கு அதற்குமேல் அறியவேண்டியதில்லை.

போர் முடிந்தபின் அதே கலை வேறு வழியிற் சென்றது. தோற்ற யப்பானில் விமானம் கட்டுதல் 1952வரை தடுக்கப்பட்டிருந்தது. சிசுவோக்கா என்னும் ஊரில் 1946இல் மரவாடியாகத் தொடங்கிய தமியா நிறுவனம் மரமாதிரிகளைச் செய்து, 1960இற் பிளாஸ்ரிக் மாதிரிக்கு வந்தது. கோயில் திருப்பணிக்காக வந்து தங்கிய தச்சர்களால் வளர்ந்தது தம் ஊர்க் கைவினை என்று அவ்வூரார் சொல்வர். நம் தேர்த்தச்சர் அறிந்தால் உறவு கொண்டாடுவர். இவ்வழி வந்த மாதிரியில் இருக்கை உண்டு. இருக்கையிற் துளை உண்டு. அளவிப் பலகை உண்டு. புறவடிவத்தை அறிந்தவன் இலக்கை அறிகிறான். உள்ளிடத்தைக் கட்டியவன், அங்கே ஒருவன் அமர்ந்திருந்தான் என்பதை அறிகிறான்.

"நீ கட்டியது பின்னதுதானே, தம்பி? ஆகவே அதனோடு சேர்த்து ஒரு காரியம் செய். அந்த விமானம் என்ன செய்தது என்பதையும் எழுதிவை" என்றோம்.

அவன் ஒரு அட்டையில் எழுதினான். ஆக்கியவர் பெயர், பறந்த ஆண்டு, கொழும்பு, திருகோணமலை, மாண்டவர் தொகை, கவசம் இல்லை என்னும் செய்தி, அக்குத்தானில் இறந்தவரின் வயது. மாதிரியும் அட்டையும் பள்ளிக்கூட நூலகத்தின் மேசைக்குச் சென்றன. வீட்டில் அப்பாச்சிக்கும் அதனை வாசித்துக் காட்டினானாம். பத்தொன்பது என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னாராம். "அந்தப் பெடியனைப் பெத்தவளும் எங்கையோ பாத்துக்கொண்டு இருந்திருப்பாள்" என்றாராம். சற்றுப் பொறுத்து, "எண்டாலும் சாமிப்படத்துக்குக் கிட்ட வேண்டாம்" என்றும் சொன்னாராம்.

இரண்டு சொல்லும் சரியானவை. பகைவனுக்கும் தாயுண்டு என்று இரங்குதல் ஒன்று. கருவியை வழிபாட்டுக்கு அருகே வைக்க மறுத்தல் மற்றொன்று. பூச்சியம் என்னுஞ் சொல்லின் பொருளை அவர் விமானத்துக்குக் கொடுக்க மறுத்தார். பாழ் என்னுஞ் சொல்லின் பொருளை மறக்கவும் மறுத்தார்.

சிறுதேர் இனியும் உருளும்

யப்பானிலும் இவ்வினா ஓயவில்லை. ஹொரிகோசியின் வாழ்வைத் தழுவி மியாசாக்கி 2013இல் எடுத்த திரைப்படத்தை அழகென்று புகழ்ந்தவர்களும் உண்டு. அழிவை அழகாக்கினார் என்று இகழ்ந்தவர்களும் உண்டு. அழகும் அழிவும் ஒரு பொருளில் ஒன்றியிருக்கும்போது, ஒன்றைக் களைந்து மற்றொன்றைக் காட்டமுடியாது.

நம் இலக்கியத்திலும் ஒரு விமானம் உண்டு. சீவகசிந்தாமணியில் சச்சந்தன் தச்சனைக்கொண்டு ஒரு மயிற்பொறி செய்விக்கிறான். அதில் அம்பில்லை, வேலில்லை. கருவுற்ற விசயை அதில் ஏறிப் பகைவரிடமிருந்து தப்பிச் சென்று சுடுகாட்டில் இறங்குகிறாள். அங்கே சீவகன் பிறக்கிறான். பொறி ஒன்றுதான்; அதனைக்கொண்டு பறப்பவன் நோக்கம் இரண்டாகலாம்.

பிள்ளைகள் தம் காலத்துத் தேர்களை உருட்டியே தீர்வார்கள். தடுத்தாற் கட்டிலின் கீழ் ஒளித்துவைத்து உருட்டுவார்கள். ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்கது, அத்தேர் எவ்வழி சென்றது, எவரை நசுக்கிற்று, அதனை ஓட்டியவன் எத்துணை மெல்லிய சுவருக்குள் இருந்தான் என்பதைக் கூடவிருந்து சொல்லிக்கொடுத்தல். பெட்டிக்குள் வரும் உறுப்புகளின் கணக்கில் அவ்வுறுப்பு ஒன்று குறைவாகவே இருக்கும். அதனை நாம்தாம் சேர்க்கவேண்டும்.